கேட்க முதல் உங்கட கடிதத்தை வாசியுங்கோ

(எமது சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேசியபடியே எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டதனால் பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை.)



செயலாளர் அண்ணை என்னிடம் வந்து "விசா அலுவல்களைப் பற்றி ஒரு அரை மணித்தியாலம் கதையும்" என்று கேட்டார். நான் அவருக்குச் சொன்னேன்: "அண்ணை, நான் லோயர் இல்லை. ஊரில ஏ.எல். எழுதினதோட என்ர படிப்பு நிண்டது. இங்க சாண்ட்விச் செய்யிற பக்ரறியில பெல்ற்றில நிக்கிறவன். இந்தச் சபையில படிச்ச ஆக்கள் எத்தனையோ பேர் இருக்கினம்." அவர் சிரித்துவிட்டு "அதுதான் நீர் கதைக்கவேணும். லோயர் கதைச்சா எல்லாரும் தலையாட்டிப்போட்டு போயிடுவினம்" என்றார். அதனால்தான் இதில் நிற்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். நான் இன்றைக்கு யாருக்கும் விசா ஆலோசனை சொல்லப்போவதில்லை. சொல்லவும் கூடாது. பிரித்தானியாவின் 1999ஆம் ஆண்டுக் குடிவரவு, புகலிடச் சட்டத்தின்படி, தகுதியும் பதிவும் இல்லாமல் குடிவரவு ஆலோசனை வழங்குவதைத் தொழிலாக நடத்துவது குற்றம். இலாபம் எடுக்காத எங்கட சங்கம் மாதிரியான இடங்களுக்கும் அது பொருந்தும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மண்டபத்தின் மூலையில் நான் இருக்கிற மேசை ஆலோசனை மேசை அல்ல. அது கடதாசி அடுக்கிற மேசை. வருகிறவர்களின் கடிதங்களைத் திகதிப்படி அடுக்கி, பையிலே போட்டு, எந்தக் கடிதத்தில் எந்தத் திகதி இருக்கிறதென்று அவர்களுக்கே காட்டிவிடுகிறோம். அதற்குமேல் பதிவுபெற்றவரிடம் அனுப்புகிறோம். அந்த மேசையில் இருந்து நான் கண்டதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

எங்கட ஆக்கள் கேள்வி கேட்கிற விதத்தை நீங்கள் அறிவீர்கள். எங்கட பக்ரறியில் ரீ பிறேக் பதினைந்து நிமிசம். அதில் ஐந்து நிமிசம் தொப்பியும் கையுறையும் கழட்டுவதில் போய்விடும். மிச்சப் பத்து நிமிசத்தில் ஒரு தம்பி "அண்ணை, எனக்கு விசா கிடைக்குமோ?" என்று கேட்பான். மேசையில் இருக்கிற ஆறு பேரும் பதில் சொல்வார்கள். ஒருவர் கட்டாயம் கிடைக்கும் என்பார். ஒருவர் ஐந்து வருசம் என்பார், இன்னொருவர் பத்து என்பார். மூலையில் இருக்கிறவர் தன்னுடைய மச்சானின் கதையைத் தொடங்குவார். மணி அடித்துவிடும். தம்பி கேட்டதைவிடக் கூடக் குழம்பிப்போய்ப் பெல்ற்றுக்குத் திரும்புவான். அந்த ஆறு பேரில் ஒருவர்கூட "உனக்கு எந்தத் திகதியில கடிதம் வந்தது? அதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டிருக்க மாட்டார்.

அந்த ஆறு பேரும் பொய் சொன்னவர்கள் இல்லை. இதைத்தான் நான் வலியுறுத்திச் சொல்லவேண்டும். ஒவ்வொருவரும் தங்கட கேஸில் நடந்த உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த உண்மைக்கு ஒரு திகதி இருக்கிறது.

இந்த மண்டபத்திலேயே பாருங்கோ. தொண்ணூறுகளில் வந்த மாமாமாருக்குப் பலருக்கு அகதி அந்தஸ்து கிடைக்கவில்லை. விதிக்குப் புறம்பான விசேட அனுமதி ஒன்றுதான் கிடைத்தது. 'ஈ.எல்.ஆர்.' என்று அதைச் சொல்வார்கள். அந்த முறையே 2003 ஏப்ரலோடு இல்லாமல் போய்விட்டது. 1998இல் இருந்து அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கு நிரந்தர வதிவிடம் உடனேயே கிடைத்தது. 2005 ஓகஸ்ற் 30இல் இருந்து அது மாறி, முதலில் ஐந்து வருட அனுமதி, பிறகு நிரந்தரம் என்று வந்தது. 2006இல் இருந்து 2011 வரை தேங்கிக்கிடந்த பழைய கேஸ்களைத் தீர்க்கிறதுக்கு 'லெகசி' என்று ஒரு வேலை நடந்தது. அதில் விசா கிடைத்தவர்கள் இங்கேயும் சிலர் இருக்கிறீர்கள். எனக்கு இன்றைக்கும் "தம்பி, லெகசியில போடலாமோ?" என்று கேட்கிறவர்கள் வருகிறார்கள். அது முடிந்து எத்தனை வருசம்! 2022 யூன் 28க்குப் பிறகு புகலிடம் கேட்டவருக்கு, கதையை நிரூபிக்கிற அளவுகோலே வேறு. அதற்கு முந்திய நாள் கேட்டவருக்கு பழைய அளவுகோல். ஒரே ஊர், ஒரே ஒழுங்கை, ஒரே பிரச்சினை. ஆனால் இரண்டு பேருக்கும் சட்டம் ஒன்றல்ல.

பிறகு 2025 நவம்பரில் அரசாங்கம் ஒரு திட்டப் பத்திரம் வெளியிட்டது. அகதிகளுக்கு முப்பது மாத அனுமதி, நிரந்தரத்துக்கு இருபது வருடம் என்றெல்லாம் அதில் இருந்தது. அன்றிரவு எனக்கு வந்த ரெலிபோன்களைச் சொல்லி முடியாது. ஒரு அக்கா அழுதுகொண்டே எடுத்தா. "நாலரை வருசம் முடிஞ்சுது, இனி இருபது வருசமோ?" என்று கேட்டா. அரசாங்கம் அறிவிக்கிறது ஒன்று. விதி மாறுகிறது இன்னொன்று. அந்த விதி எந்தத் திகதியில் கேட்டவருக்குப் பொருந்தும் என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் செய்தித் தலைப்பை வைத்துக்கொண்டு நித்திரையைக் கெடுக்கிறதில் பிரயோசனம் இல்லை. விதி மாற்றப் பத்திரம் வந்தால் அதன் தொடக்கத்திலேயே எது எந்தத் திகதியில் இருந்து, யாருக்கு என்று எழுதியிருக்கும். வேறொன்றும் விளங்காவிட்டாலும் அந்தப் பக்கத்தை மட்டும் தேடிப் பாருங்கோ.

இனி ஒரு கதை சொல்கிறேன். கதைக்குரியவரிடம் கேட்டுத்தான் சொல்கிறேன். "பேரைச் சொல்லாமல் சொல்லு, நாலு பேருக்கு உதவட்டும்" என்றவர்.

அவருக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது 2025 மாசியில். மனைவியும் சின்ன மகளும் வவுனியாவில். அவர் ஊரை விட்டு வெளிக்கிட முதலே கலியாணம் முடித்தவர். அந்தஸ்து கிடைத்த கையோடு தமிழ்க் கடை ஒன்றில் சாமான் வாங்கும்போது "மனிசியைக் கூப்பிடுறதுக்கு என்ன செய்யவேணும்?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் நல்ல மனிசன். தன் மகன் மனைவியைக் கூப்பிட்ட அனுபவத்தில் சொன்னார்: "வருசத்துக்கு 29,000 பவுண் சம்பளம் காட்டவேணும். ஆறு மாதச் சம்பளத் துண்டு வேணும்." அது பொய்யில்லை. 2024 ஏப்ரலில் இருந்து கணவனையோ மனைவியையோ கூப்பிடுகிற சாதாரண வழிக்கு அந்தத் தொகைதான். மகன் பிரித்தானியப் பிரஜை. அவருக்கு அதுதான் விதி.

எங்கட ஆள் கணக்குப் பார்த்தார். 2025 ஏப்ரலில் இருந்து ஆகக்குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 12 பவுண் 21 பென்ஸ். கிழமைக்கு 40 மணித்தியாலம் நின்றால் வருசத்துக்கு 25,400 பவுண் மட்டில்தான் வரும். 29,000 தொடுகிறதென்றால் கிழமைக்கு 46 மணித்தியாலம், ஒரு கிழமையும் தவறாமல். அவர் பங்குனி நடுவில் இருந்து சனிக்கிழமை ஷிப்றும் எடுத்தார். முதுகு நோவுக்கு பட்டி கட்டிக்கொண்டு குளிர் அறையில் நின்றார். நான் அப்போது இரவு ஷிப்ற். அவர் முடித்துப்போக நான் உள்ளே போவேன். "என்னண்ணை, காசைக் கட்டி எங்க கொண்டுபோகப் போறியள்?" என்று பகிடி விட்டிருக்கிறோம். அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

புரட்டாதி மூன்றாம் கிழமை, சம்பளத் துண்டெல்லாம் ஒழுங்காக அடுக்கின பையோடு எங்கட மேசைக்கு வந்தார். ஆறு மாதம் நிறைந்துவிட்டது, விண்ணப்பம் போடவேண்டும் என்றார். நான் அவருடைய அந்தஸ்துக் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். பிறகு பக்கத்தில் இருந்த தங்கச்சியைப் பார்த்தேன். அவவும் என்னைப் பார்த்தா.

அகதி அந்தஸ்து பெற்றவர், ஊரை விட்டு வெளிக்கிட முதல் இருந்த மனைவியையும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் கூப்பிடுவதற்கு 'றெபியூஜி பமிலி றீயூனியன்' என்று தனி வழி ஒன்று இருந்தது. அதற்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. சம்பளம் காட்டத் தேவையில்லை. ஆங்கிலப் பரீட்சை இல்லை. அந்த மனிசன் மாசியிலேயே விண்ணப்பம் போட்டிருக்கலாம். 2025 செப்ரெம்பர் 4ஆம் திகதி பிற்பகல் மூன்று மணியோடு புதிய விண்ணப்பங்களுக்கு அந்த வழி நிறுத்தப்பட்டது. அவர் எங்கட மேசைக்கு வந்தது அதற்கு இரண்டு கிழமை கழித்து.

அன்றைக்கு முந்திப் போட்ட விண்ணப்பங்கள் பழைய விதிப்படி பார்க்கப்பட்டன. பிந்தினவர்கள் எல்லாரையும்போல சாதாரண வழியில், கட்டணத்தோடும் ஆங்கிலப் பரீட்சையோடும் அந்த 29,000 பவுணோடும் போகவேண்டி வந்தது. முதலில் தேவையே இல்லாத காசுக்காக ஆறு மாதம் உழைத்தார். வழி மூடின பிறகு அந்தக் காசு உண்மையாகவே தேவைப்பட்டது. இப்போது பதிவுபெற்ற ஒருவர் அவருடைய அலுவலைப் பார்க்கிறார். மகளுக்கு ஏழு வயது நடக்கிறது.

கடைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். கேட்டதற்குத் தெரிந்ததைச் சொன்னார். அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் இந்த விடயம் ஒரு பக்கத்தில் இருந்தது. ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ஒன்று பத்து நிமிசம் இருந்து வாசித்திருந்தால் போதும். அந்தஸ்து தந்த கடிதத்தையும் அந்தப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை. அவ்வளவுதான்.

கடிதம் என்றதும் இதையும் சொல்லவேண்டும். மறுப்புக் கடிதம் வந்தால் எங்கட ஆட்கள் முதல் பக்கத்தில் மறுப்பு என்ற சொல்லைக் கண்டவுடன் மடித்து வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நெஞ்சு இடிக்கும், வாசிக்க மனம் வராது. விளங்குகிறது. ஆனால் மேன்முறையீட்டு உரிமை இருக்கிறதா, எத்தனை நாள், எங்கே அனுப்புவது என்பதெல்லாம் உள்ளேதான் எழுதியிருக்கும். இந்த நாட்டுக்குள் இருந்து மேன்முறையீடு செய்கிறவருக்குப் பதினான்கு நாள். அது கடிதம் உங்கட கையில் கிடைத்த நாளில் இருந்து அல்ல, அவர்கள் அனுப்பின நாளில் இருந்து. பதினொரு நாள் ஆட்களிடம் கேட்டுத் திரிந்து, பன்னிரண்டாம் நாள் லோயரைத் தேடினால், அவர் உங்கட கேஸை வாசிக்கிறதா, போர்ம் நிரப்புகிறதா? பிந்தினால் காரணம் காட்டி அனுமதி கேட்கலாம்தான். ஆனால் அது தீர்ப்பாயத்தின் கையில். கடித உறையையும் எறியவேண்டாம். வீடு மாறினால் விலாசத்தை உடனே அறிவியுங்கோ. பழைய விலாசத்துக்குப் போன கடிதத்துக்கும் நாள் ஓடும்.

இனி பையைப் பற்றி. ஆலோசனைக்குப் போகிறவர்கள் கையை வீசிக்கொண்டு போகிறார்கள். "எல்லாம் பழைய லோயரிட்ட இருக்கு" என்பார்கள். முதலில் வந்தபோது எடுத்த ஸ்க்றீனிங் இன்ரர்வியூப் பிரதி, பெரிய இன்ரர்வியூப் பிரதி, நீங்கள் கையெழுத்து வைத்த வாக்குமூலம், மறுப்புக் கடிதம், நீதிபதியின் தீர்ப்பு, இவை எல்லாம் உங்களுடைய கையில் இருக்கவேண்டும். பழைய லோயரிடம் எழுத்தில் கேட்கலாம். அங்கே கிடைக்காவிட்டால் உள்நாட்டு அமைச்சு உங்களைப் பற்றி வைத்திருக்கிற கோவையின் பிரதியை நீங்களே கேட்டு எடுக்கலாம். 2018 மே மாதத்தில் இருந்து அதற்குக் காசு இல்லை. பொதுவாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். சிக்கலான கோவை என்றால் இன்னும் இரண்டு மாதம் எடுக்கலாம்.

அந்தப் பிரதிகளை ஆறுதலாக இருந்து வாசித்துப் பார்த்தால் சில வேளை நீங்களே திகைத்துப்போவீர்கள். எங்கட மேசைக்கு வந்த ஒரு தம்பியின் மறுப்புக் கடிதத்தில், முதல் இன்ரர்வியூவில் மூன்று சகோதரர்கள் என்றார், இரண்டாவதில் ஒரே ஒரு சகோதரர் என்றார், ஆகவே இவருடைய கதை நம்பத்தகுந்தது அல்ல என்று எழுதியிருந்தது. பிரதியைப் பார்த்தால் விடயம் வேறு. முதலாவதில் அவன் 'அண்ணாமார்' என்று சொன்னது பெரியப்பாவின் பிள்ளைகளையும் சேர்த்து. எங்களுக்கு அவர்களும் அண்ணாதானே. மொழிபெயர்த்தவர் அதை உடன்பிறந்த சகோதரர் என்று சொல்லிவிட்டார். இன்னொரு அம்மாவுக்கு மாதத்தில் பிரச்சினை. நாங்கள் இளம் ஆக்கள் ஆடி என்றால் யூலையைத்தான் சொல்கிறோம். அந்த அம்மா பஞ்சாங்கப்படி ஆடி என்று சொன்னா. ஆடி யூலை நடுவில் பிறந்து ஓகஸ்ற் நடுவில்தான் முடியும். மகனைப் பிடித்துக்கொண்டு போன நாள் ஓகஸ்ற் முதற் கிழமை. ஊரில் எடுத்த முறைப்பாட்டுத் துண்டில் ஓகஸ்ற் என்று இருக்கிறது, இன்ரர்வியூவில் யூலை என்று இருக்கிறது. அந்த ஒரு மாதம் அவவின் கடிதத்தில் இரண்டு பந்திக்கு ஓடியிருந்தது.

இதை எந்த லோயரும் தானாகக் கண்டுபிடிக்கமாட்டார். அவருக்குப் பெரியப்பா மகன் அண்ணா என்று தெரியாது. உங்கட பிரதியை நீங்கள்தான் வாசிக்கவேண்டும். ஆங்கிலம் போதாதென்றால் பிள்ளையை வாசிக்கச் சொல்லலாம். ஆனால் இன்ரர்வியூவில் சொன்ன எல்லாவற்றையும் பிள்ளை கேட்கக்கூடாது என்றும் இருக்கும். அதற்கு நம்பிக்கையான பெரியவர் ஒருவரைத் தேடுங்கோ. பிழையைக் கண்டால் பென்சிலால் பக்க நம்பரோடு ஒரு துண்டில் எழுதுங்கோ. மூலப் பிரதியில் கீறவேண்டாம்.

போனில் இருக்கிற மொழிபெயர்ப்பை நம்புகிறவர்களுக்கு ஒரு சொல். ஒரு ஐயாவின் கடிதத்தில் 'இன்டெபினிற் லீவ் ரு றிமெயின்' என்று இருந்தது. போன் அதைக் 'காலவரையற்ற விடுப்பு' என்று காட்டினது. எங்கட ஊரில் விடுப்பு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஐயா "நான் ஆரிட்டையும் விடுப்புக் கேக்கேல்லையே தம்பி" என்று வந்து நிற்கிறார்! 'லீவ்' என்றால் இந்தக் கடிதங்களில் அனுமதி. பக்ரறியில் எடுக்கிற லீவ் அல்ல. இப்படி ஒரு இருபது, இருபத்தைந்து சொல்லைத் தெரிந்து வைத்தால் கடிதத்தில் பாதி விளங்கும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு விடயம், எங்கட கேஸைப் பார்க்கிற அதிகாரிக்குக் கொடுத்திருக்கிற வழிகாட்டல்களில் பெரும்பகுதியை அரசாங்கத்தின் இணையத்தில் யாரும் சும்மா எடுத்து வாசிக்கலாம். இலங்கையைப் பற்றித் தனிப் பத்திரங்கள் இருக்கின்றன. தீர்ப்பாயத்தின் வழிகாட்டித் தீர்ப்புகளும் அப்படித்தான். 2013இல் 'ஜி.ஜே.' தீர்ப்பு வந்தது. 2021இல் 'கே.கே., ஆர்.எஸ்.' தீர்ப்பு வந்தது. "ஊர்வலத்தில நிண்டு படம் எடுத்தாக் காணும், கேஸ் பாஸ்" என்று சொல்கிற ஆட்களிடம் நான் கேட்கிறது, அந்த 2021 தீர்ப்பின் தொடக்கத்தில் இருக்கிற சுருக்கத்தையாவது வாசித்தீர்களா என்றுதான். எந்த அமைப்புக்காகச் செய்தார், என்ன விதமான வேலை, எந்த அளவுக்கு, எவ்வளவு காலம், ஊரில் என்ன வரலாறு, குடும்பத்தில் யார் யார் தொடர்பு, இப்படி ஆறு விடயங்களை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். படம் ஒன்று அதில் ஒரு மூலைக்குத்தான் வரும். அதே தீர்ப்பில், உண்மையாகவே அந்த அரசியல் நம்பிக்கை உள்ள ஒருவரை, ஊருக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு இரு என்று எதிர்பார்க்க முடியாது என்ற நியாயமும் இருக்கிறது. அது தெரியாமல் எத்தனை பேர் தங்கட மனதில் உள்ளதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

இந்தத் தீர்ப்புகளை வாசிக்கப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த நாட்டு அகதிச் சட்டத்தை எங்களை வைத்துத்தான் பாதி எழுதினார்கள். 1987 பெப்ரவரியில் ஹீத்றோ விமான நிலையத்தில் எங்கட பொடியள் திருப்பி அனுப்பப்படுவதை எதிர்த்து உடுப்பைக் களைந்து நின்றது இங்கிருக்கும் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதே வருட முடிவில் பிரபுக்கள் சபையில் வந்த 'சிவகுமாரன்' தீர்ப்பைப் படிக்காமல் இங்கே யாரும் அகதி லோயர் ஆக முடியாது. அந்த வழக்கில் எங்கட ஆட்கள் தோற்றார்கள். திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிறகு 1989இல் மேன்முறையீடு வென்று அவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். அந்தப் பெயர்களை வெள்ளைக்காரப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் பாடமாக்குகிறார்கள். நாங்கள் ஒருக்கால் எட்டிப் பார்க்கக் கூடாதா?

பிரஜாவுரிமை பற்றிக் கனபேர் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். "எனக்குச் சும்மா கிடைச்சது, நீயும் போடு" என்று 2023இல் எடுத்தவர் சொல்கிறார். 2025 பெப்ரவரி 10இல் நன்னடத்தை வழிகாட்டலை மாற்றி, சட்டவிரோதமாக நாட்டுக்குள் வந்தவர் அந்தத் திகதிக்குப் பிறகு விண்ணப்பித்தால், எத்தனை வருசத்துக்கு முந்தி வந்திருந்தாலும் பொதுவாக மறுக்கப்படும் என்று எழுதினார்கள். கட்டின கட்டணத்தில் பெரும்பகுதி திரும்பி வராது. எங்களில் எத்தனை பேர் விசா எடுத்துக்கொண்டு விமானத்தில் வந்தவர்கள்? ஆகவே போட முதல் தகுதியுள்ள ஒருவரிடம் காட்டியே ஆகவேண்டும். இன்னொன்று, ஐந்து வருடக் கணக்கில் 450 நாளுக்குமேல் வெளியில் நின்றிருக்கக் கூடாது, கடைசி வருடத்தில் 90 நாள் என்று எல்லாருக்கும் தெரியும். விண்ணப்பம் போய்ச் சேருகிற நாளுக்குச் சரியாக ஐந்து வருடத்துக்கு முந்திய அந்த நாளில் நீங்கள் இந்த நாட்டுக்குள் நின்றிருக்க வேண்டும் என்பது கனபேருக்குத் தெரியாது. அந்த நாளில் பாரிசில் கலியாண வீட்டில் நின்றவருக்கு அது பெரிய தலையிடி. பழைய விமான ரிக்கற்றுகளை எறியாதீர்கள் என்று நான் கத்துகிறது இதற்குத்தான்.

சரி, வாசித்தாயிற்று, அடுக்கியாயிற்று. பிறகு கேட்கத்தான் வேண்டும். வாசித்துவிட்டோம் என்று நாங்களே லோயராக முடியாது. ஆனால் அப்போது கேட்கிற கேள்வி வேறு மாதிரி இருக்கும். "எனக்கு விசா கிடைக்குமோ?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. "எனக்கு இந்தத் திகதியில் இந்தக் கடிதம் வந்தது, இருபத்திரண்டாம் பந்தியில் இப்படி இருக்கிறது, இன்ரர்வியூவில் நான் சொன்னது இது, இதற்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டுப் பாருங்கோ. லோயர் பேனையைக் கீழே வைத்துவிட்டு உங்களை நிமிர்ந்து பார்ப்பார். சட்ட உதவியில் கேஸ் செய்கிற லோயருக்கு உங்களுக்குத் தருவதற்கு இருக்கிற நேரம் கொஞ்சம். அந்த நேரத்தைக் கடதாசி தேடுகிறதில் செலவழிக்கிறதா? ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கோ. தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, மொழிபெயர்ப்பாளர் வாசிப்பார். சங்கடமான விடயத்தையும் மறைக்கவேண்டாம். அது கோவையில் எங்கேயோ இருக்கும், லோயருக்கு அது முதலில் தெரியவேண்டும்.

யாரிடம் கேட்கிறது என்பதும் முக்கியம். சொலிசிற்றர் என்றால் சொலிசிற்றர்களின் ஒழுங்குமுறைச் சபையின் பட்டியலில் பெயர் இருக்கும். சொலிசிற்றர் இல்லாத ஆலோசகர் என்றால் குடிவரவு ஆலோசனை அதிகாரசபையின் பட்டியலில் இருக்கும். ஓ.ஐ.எஸ்.சி. என்று இருந்ததன் பெயர்தான் 2025 சனவரியில் இப்படி மாறினது. அதில் மூன்று படிகள் உண்டு. முதற்படியில் இருக்கிறவர் உங்களுக்காகத் தீர்ப்பாயத்தில் வாதாட முடியாது, அதற்கு மூன்றாம்படி வேண்டும். இரண்டு பட்டியலையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கோயில் வாசலில் விசிற்றிங் கார்ட் தந்தவரின் பெயரை அதில் தட்டிப் பாருங்கோ. பெயர் இல்லாவிட்டால் அவர் எவ்வளவு இனிமையாகக் கதைத்தாலும் காசு கொடுக்கவேண்டாம். ரசீது தராதவருக்கும் கொடுக்கவேண்டாம். உங்கட கடிதத்தைப் போனில் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புகிறதையும் தயவுசெய்து நிறுத்துங்கோ. ஊரில் அம்மா அப்பா இருக்கினம்.

கடைசியாக மூத்தவர்களுக்கு. தொண்ணூறுகளில் பழைய கடவுச்சீட்டில் நிரந்தர முத்திரை குத்தித் தந்ததோடு இருக்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வதிவிட அட்டைகளின் காலம் 2024 டிசம்பர் 31ஓடு முடிந்து, எல்லாம் ஈ-விசாவுக்கு மாறின விடயம் பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள். உங்கட உரிமை போய்விடவில்லை, பயப்படவேண்டாம். அந்த முத்திரையைப் புது முறைக்கு மாற்றுகிற விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் அந்தப் பழைய கடவுச்சீட்டு எங்கே? 2018இல் வின்ட்றஷ் காலத்து மேற்கிந்தியத்தீவு மக்களுக்கு நடந்ததை ரீவியில் பார்த்திருப்பீர்கள். ஐம்பது வருசம் இங்கே வேலை செய்தவர்களிடம் கடதாசி காட்டு என்று கேட்டார்கள். அவர்கள் வந்திறங்கின பதிவு அட்டைகளை அரசாங்கமே 2010இல் அழித்திருந்தது. ஆகவே அலுமாரிக்கு மேலே இருக்கிற அந்தப் பெட்டியை இந்தக் கிழமை இறக்கிப் பாருங்கோ.

வருகிற ஞாயிறு பிற்பகல் இரண்டு மணியில் இருந்து ஐந்து மணிவரை மேசை போடுவோம். பக்ரறியில் எறிய வைத்திருந்த நல்ல மட்டைக் கோவைகள் இரண்டு பெட்டி கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குத் தரலாம். கடித உறைகளையும் கொண்டுவாருங்கோ.